1070: கங்குவாவும் எங்கட தீவுகளும்

'கங்குவா' வெளிவந்தது 2024 நவம்பர் 14இல். சிவா இயக்கம், சூர்யாவுக்கு இரண்டு வேடம், 300 கோடிக்கு மேல் செலவு எண்டு பேச்சு. 2000 கோடி வசூலிக்கும் எண்டு தயாரிப்பாளர் ஞானவேல்ராஜா முன்னமே சொல்லியிருந்தார். பிறகு நடந்தது எல்லாருக்கும் தெரியும். சத்தம் தாங்கேலாமல் சனம் முறையிட, ஒலியைக் குறைக்கச் சொல்லித் தியேட்டர்களைக் கேட்டார்கள். படத்தில 12 நிமிடத்தை வெட்டினார்கள். முதல் அரை மணித்தியாலம் சரியில்லை எண்டு ஜோதிகாவே எழுதினார். இனிப் பகிடி பண்ண ஒண்டும் மிச்சமில்லை.

எங்களை உறுத்தினது வேறொன்று. படத்தின் பழங்கதை நடக்கிற ஆண்டு 1070. ஐந்து தீவுகள், அங்கே பெருமாச்சி எண்டொரு வீரக்குடி, அவர்களைப் பிடிக்க வருகிற உரோமர். ஏன் 1070? படம் கடைசிவரை சொல்லவில்லை. 970 எண்டு போட்டிருந்தாலும் கதைக்கு ஒரு சேதமும் வந்திராது. ஆனால் இலங்கையில் பள்ளிக்கூட வரலாற்றுப் புத்தகம் படித்த எவருக்கும் அந்த இலக்கம் சும்மா கடந்துபோகிற இலக்கம் இல்லை. முதலாம் விஜயபாகு பொலநறுவையைப் பிடித்து, சோழர் ஆட்சியை இலங்கையில் முடித்துவைத்த ஆண்டு அது.

முதலில் உரோமரை முடித்துவிடுவம். மேற்கு உரோமப் பேரரசு 476இலேயே போய்விட்டது. கந்தரோடையில் கிடைத்த உரோம நாணயங்கள் எல்லாம் அதற்கு முந்திய கடல் வணிகத்தின் மிச்சம். 1070இல் தங்களை உரோமர் எண்டு சொல்லிக்கொண்டிருந்தவர்கள் கொன்ஸ்தாந்திநோப்பிளில் இருந்தவர்கள். பேரரசன் பெயரே ரொமானோஸ்தான், அதுவரை சரி. ஆனால் எகிப்தும் செங்கடல் வழியும் பாத்திமிய கலீபாக்களின் கையில் இருந்தன. அடுத்த வருசமே, 1071இல், மன்சிகேர்ட் போரில் செல்யூக் துருக்கியரிடம் அந்தப் பேரரசனே பிடிபட்டான். வீட்டு வாசலையே காக்க முடியாதவர்கள் இந்து சமுத்திரத்தில தீவு பிடிக்க வந்தார்களாம்!

கற்பனைப் படத்துக்கு ஏன் இவ்வளவு கணக்கு எண்டு கேட்கலாம். நியாயம்தான். ஆனால் 1070இல் உண்மையில் நடந்ததைப் பாருங்கோ. 993 அளவில் முதலாம் இராசராசனின் படை வந்தது, அநுராதபுரம் அழிந்தது. பொலநறுவை ஜனநாதமங்கலம் ஆனது, மாதோட்டம் இராசராசபுரம் ஆனது. 1017இல் ஐந்தாம் மகிந்தன் பிடிபட்டு, 12 வருசம் சோழநாட்டில் சிறையிருந்து அங்கேயே செத்தான். றுகுணையில் கித்தி எண்டொரு இளைஞன் பல வருசம் போராடினான். அவன்தான் விஜயபாகு. 1070இல் வீரராசேந்திரன் இறக்க, அதிராசேந்திரனும் சில மாதங்களுக்குள் போக, கீழைச் சாளுக்கிய வழியில் வந்த முதலாம் குலோத்துங்கன் சோழ அரியணை ஏறினான். அந்தக் குழப்பத்துக்குள்தான் பொலநறுவை விழுந்தது. இதைவிட ஒரு திரைக்கதைக்கு என்ன வேணும்?

இந்தக் கதையை எங்களுக்கு இரண்டு விதமாகத்தான் சொல்லித் தந்திருக்கிறார்கள். பாடப்புத்தகத்தில் அது அந்நியரை விரட்டிய விடுதலை. தமிழகத்துப் படங்களிலும் மேடைகளிலும் சோழர் எண்டால் புலிக்கொடியும் பெருமையும்தான். இலங்கையில் எரிந்த ஊர்கள் அந்தப் பெருமைக்குள்ள வராது. விடுதலை எண்ட கதைக்குள்ள, பொலநறுவையில் சோழர் காலத்தில் கட்டி இண்டைக்கும் நிற்கிற வானவன்மாதேவி ஈச்சரம் எங்க வைக்கிறது எண்டு தெரியாது. அண்டைக்கு ஆர் ஆரோடு நின்றார்கள் எண்டு பார்த்தால் இரண்டு கதையும் ஆட்டம் காணும்.

சூளவம்சத்தில் ஒரு சம்பவம் வருகுது. விஜயபாகு சோழநாட்டின்மேல் படையெடுக்க ஆயத்தமானபோது, அவனிடமே கூலிக்கு நின்ற வேளைக்காரப் படை போகமாட்டோம் எண்டு கிளம்பியது. தென்னிந்தியப் படையினர் அவர்கள். தளபதிகளைக் கொன்றார்கள், அரண்மனையை எரித்தார்கள், அரசனின் தங்கை மித்தாவைப் பிள்ளைகளோடு பிடித்தார்கள். கிளர்ச்சியை அரசன் கொடூரமாக அடக்கினான். கதை இதோட முடிந்திருந்தால் இனப்பகைக் கதையாகவே வாசிக்கலாம். ஆனால் விஜயபாகு இறந்த பிறகு, பொலநறுவையில் புத்தரின் பல் இருந்த கோயிலைக் காக்கிறோம் எண்டு கல்வெட்டில் உறுதி எழுதிக் கொடுத்ததும் வேளைக்காரர்தான். எழுதியது தமிழில்!

மித்தாவைச் சோழன் பெண் கேட்டதாகவும், விஜயபாகு மறுத்து ஒரு பாண்டிய இளவரசனுக்குக் கட்டிக்கொடுத்ததாகவும் அதே நூல் சொல்லுது. அந்தத் தம்பதியின் பேரன்தான் முதலாம் பராக்கிரமபாகு. அதாவது பாடப்புத்தகத்தின் ஆகப்பெரிய சிங்கள மன்னனுக்கு அப்பப்பா பாண்டியன்.

2010 பொங்கலுக்கு வந்த செல்வராகவனின் 'ஆயிரத்தில் ஒருவன்' படத்துக்கும் முதலில் கலவையான வரவேற்புத்தான். திரைக்கதை கனக்க இடத்தில் இடறும். ஆனாலும் சோழ மிச்சங்கள் ஒரு தீவில் பசியோடு ஒளிந்திருந்து அழிகிறதை, 2009 மேக்குப் பிறகு இங்கே வெறும் கற்பனையாக ஆராலும் பார்க்க முடியவில்லை. அந்தப் படத்தில் தோல்விக்கு ஒரு முகம் இருந்தது. கங்குவாவில் எல்லாரும் கத்துகிறார்கள், ஆருக்காகவும் நெஞ்சு பதறவில்லை. ஐந்து தீவுக்கு ஐந்து நிறமும் ஐந்து மேக்கப்பும் கொடுத்தவர்கள், அந்தச் சனம் எதைச் சாப்பிட்டது, எதை விற்றது, எந்தக் காற்றுக்குத் தோணி விட்டது எண்டு ஒரு காட்சி வைக்கவில்லை.

எங்கட தீவகத்தில் அதற்கு ஒரு கல்லே சாட்சி. நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் 12ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டொன்று இருக்கு. வெட்டுவித்தவன் மேலே சொன்ன அதே பராக்கிரமபாகு. பேராசிரியர் கா. இந்திரபாலா அதை வாசித்து 1963இல் வெளியிட்டார். ஊராத்துறைக்கு, இண்டைய ஊர்காவற்றுறைக்கு, வருகிற பரதேசிகளைப் பாதுகாக்க வேணும் எண்டு அது சொல்லுது. யானையும் குதிரையும் ஏற்றி வந்த மரக்கலம் உடைந்தால் காற்பங்கு பண்டாரத்துக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு. வேறு சரக்கு ஏற்றிய கலம் உடைந்தால் பாதி பாதி. குறிகட்டுவானில் படகேறினால் போய்ப் பார்த்துவிட்டு அண்டைக்கே திரும்பலாம்.