காற்றை அளந்த வானூர்திகள்

தை, மாசித் திங்களில் தில்லியிலிருந்து கொல்கத்தாவுக்கு ஆகாய விமானத்திற் சென்று மீளும் நம் சங்கத்து அன்பர்கள் ஒன்றைக் கவனித்திருப்பர். போகும் வேளையினும் திரும்பும் வேளை நீண்டிருக்கும். தொலைவு ஒன்றே; விமானமும் ஒன்றே. குளிர்காலத்தில் வட இந்தியாவின்மேல், ஏறக்குறைய 12 கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்கே பாயும் பெருங்காற்றே இதற்குக் காரணம். அக்காற்றின் வேகத்தை முன்கூட்டிக் கணித்தல் ஒரு கலை. கணித்தது மெய்தானா என்று சோதித்தல் வேறொரு கலை. இவ்விரண்டாவதன் வரலாற்றைச் சிறிது கூற விழைகிறோம்.

ஜப்பான் நாட்டில் ததெனோ என்னும் ஊரிலிருந்த வானாய்வு நிலையத்தின் தலைவர் வாசாபுரோ ஓயிஷி. 1920-களில் அவர் நூற்றுக்கணக்கான பலூன்களை வானில் விட்டு, அவை செல்லும் வழியைத் தொலைநோக்கியால் தொடர்ந்து பார்த்து, மேல்வானில் கடும் மேற்காற்று வீசுவதைக் கண்டார். உலகோர் அனைவரும் படிக்க வேண்டும் என்னும் நன்னோக்கத்துடன் 1926-இல் தம் முடிவுகளை எஸ்பராண்டோ மொழியில் வெளியிட்டார். பொதுமொழியில் எழுதியதாலேயே அவரை உலகம் படிக்காது போயிற்று! தாய்மொழியைவிட்டு வெளியூரில் வாழும் நமக்கு இதில் சிந்திக்க இடமுண்டு, அது நிற்க.

1944 நவம்பர் 24-ஆம் நாள், மரியானாத் தீவுகளிலிருந்து 111 அமெரிக்க பி-29 விமானங்கள் தோக்கியோ நகரைத் தாக்கப் புறப்பட்டன. மேலே சென்றதும் மணிக்கு 120 கடல்மைல் வேகமுள்ள காற்று அவற்றைப் பின்னிருந்து தள்ளியது. தரையின்மீது அவை மணிக்கு 445 மைல் வேகத்தில் விரைந்தன. அத்துணை வேகத்திற்குக் குறிபார்க்கும் கருவி ஈடுகொடுக்கவில்லை. இலக்கான விமானத் தொழிற்சாலையின்மீது குண்டு வீசியவை 24 மட்டுமே. பெரும்பாலானவை துறைமுகத்தின்மீதும் நகரின்மீதும் வீசின. காற்றின் கணக்குத் தவறினால் கீழே யார் தலையில் விடியும் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

அவ்வாண்டிலேயே நிகழ்ந்த மற்றொன்றை, பின்னாளில் விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பேராசிரியராக விளங்கிய ரீட் பிரைசன் கூறியிருக்கிறார். குளிர்ந்த காற்றும் வெப்பக் காற்றும் நெருங்கி நிற்கும் இடத்தின்மேல் காற்று வலுக்கும் என்பது வானிலை நூலார் அறிந்த விதி. படையில் வானிலையாளராக இருந்த அவரும் அவர் தோழரும், மேற்காற்று மணிக்கு 168 கடல்மைல் வீசும் எனக் கணித்தனர். தளபதி நம்பவில்லை, அப்படியொரு காற்று உண்டா என்றார். மறுநாள் விமானங்கள் அளந்து வந்த எண் 170. தளபதியும் தம் பிழையை ஒப்புக்கொண்டாராம்.

விமானம் காற்றை அளப்பது எவ்வாறு? ஆற்றைக் கடக்கும் பரிசலை எண்ணிப் பார்க்கலாம். பரிசற்காரன் நேர் எதிர்க்கரையை நோக்கித் துடுப்புப் போடுகிறான். பரிசலோ கீழ்த்துறையில் ஒதுங்குகிறது. அந்த ஒதுக்கமே நீரோட்டத்தின் அளவு. விமானத்தின் முன்புறத்திலுள்ள குழாயொன்று, எதிர்வரும் காற்றின் அழுத்தத்தைக் கொண்டு, காற்றினூடே அது செல்லும் வேகத்தைக் காட்டும். தரையின்மீது செல்லும் வேகத்தை முன்னர் கீழே தெரியும் கரையையும் மலையையும் பார்த்து அறிந்தனர். பின்னர் ராடாரால் அறிந்தனர். இக்காலத்தில் செயற்கைக் கோள்களால் அறிகின்றனர். இரண்டையும் திசையோடு கழித்தால் எஞ்சுவது காற்று. பெரிய எண்களைக் கழித்துச் சிறிய எண்ணைப் பெறுவதால் இதிலும் பிழை புகும். மணிக்கு 800 கிலோமீட்டர் செல்லும் விமானத்தின் முகத்திசை ஒரு பாகை தவறினால், காற்றின் கணக்கில் ஏறக்குறைய 14 கிலோமீட்டர் தவறிவிடும். ஆதலின் அளவுகோலையும் அளந்து பார்க்க வேண்டியதாகிறது.

1950-இல் சார்னி முதலானோர் எனியாக் கணிப்பொறியைக் கொண்டு வானிலையைக் கணித்தது முதல், பிரைசன் கையாற் செய்த வேலையைப் பொறி செய்கிறது. வளிமண்டலத்தைக் கட்டங்களாக்கி, கட்டந்தோறும் ஒரு காற்றைச் சொல்கிறது. விமானமோ அக்கட்டத்தினூடே ஊசிபோல் ஒரு கோட்டிற் செல்கிறது. இரண்டும் முற்றும் ஒத்துவிடும் என எதிர்பார்ப்பது தவறு. இன்னொரு சிக்கலும் உண்டு. விமானங்கள் அனுப்பும் அளவைகளையே பொறி உணவாகவும் கொள்கிறது. அதே அளவையால் அதனைச் சோதித்தல், விடையைப் பார்த்தெழுதிய மாணவனுக்கு மதிப்பெண் இடுவதை ஒக்கும். எனவே அளவை வந்து சேருமுன் சொன்ன கணிப்பையே எடுத்து ஒப்பிடுவர்; அல்லது சில அளவைகளைப் பொறிக்குக் காட்டாமல் ஒளித்துவைப்பர்.

2020-இல் கொள்ளைநோயால் விமானங்கள் தரையில் நின்றபோது, இவ்வளவைகள் உலக அளவில் 75 முதல் 80 விழுக்காடு வரை குறைந்தன. தென்கோளத்தில் 90 விழுக்காட்டை நெருங்கின. பயணிகள் அறியாமலே அவர்கள் ஏறிய விமானங்கள் செய்துவந்த தொண்டு அப்போதுதான் பலருக்கும் தெரிந்தது.

நம் தாயகத்தின் மேல்வானில் நிலைமை வேறு. தென்மேற்குப் பருவக் காலத்தில் ஏறத்தாழச் சென்னை இருக்கும் அகலாங்கில், சுமார் 14 கிலோமீட்டர் உயரத்தில், கிழக்கிலிருந்து மேற்கே ஒரு பெருங்காற்று ஓடுகிறது. பின்னாளில் இந்திய வானிலைத் துறையின் தலைமை ஏற்ற பி. கோட்டீசுவரம் 1958-இல் இதனை விளக்கி எழுதினார். நாம் ஏறிச் செல்லும் விமானங்கள் பெரும்பாலும் 10, 12 கிலோமீட்டருக்குள் பறப்பன. இக்காற்றின் நடுவோட்டத்தை அவை எட்டுவதில்லை. அங்கே கணிப்பைச் சரிபார்க்க, அன்று ஓயிஷி செய்ததுபோல, மீனம்பாக்கத்திலிருந்து இன்றும் பலூன்தான் ஏறுகிறது.