பந்தியும் மன்றமும்: கிள்ளான் பள்ளத்தாக்கில் சமயம் கடந்த அறப்பணி

மலேசியாவின் பல்சமய ஒத்துழைப்பைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் 1983ஆம் ஆண்டிலிருந்தே தொடங்குகின்றனர். பௌத்தம், கிறிஸ்துவம், இந்து சமயம், சீக்கியம் ஆகிய நான்கும் சேர்ந்த ஆலோசனை மன்றம் அவ்வாண்டு அமைந்தது. 2006இல் தாவோ சமயமும் இணைந்தது. வழிபாட்டுரிமை, மதமாற்றச் சிக்கல்கள் போன்றவற்றை அரசிடம் எடுத்துச் சொல்வதே அதன் முதன்மைப் பணியாக இருந்துவருகிறது. ஆனால் பசித்தவருக்குச் சோறும் ஆதரவற்ற பிள்ளைக்குக் கூரையும் தரும் பொதுப்பணி அதற்கு முப்பது ஆண்டுகள் முன்பே இங்கு வேரூன்றிவிட்டது. மன்றத்தைவிடப் பந்தியே மூத்தது என்பதுதான் இக்கட்டுரையின் வாதம்.

1886இல் கோலாலம்பூரையும் கிள்ளானையும் இணைக்கும் ரயில் பாதை திறக்கப்பட்டது. ரயில்வே வேலைக்கு வந்தவர்கள் கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் குடியேறினர். யாழ்ப்பாணத்தவர் எழுத்தர்களாகவும் நிலைய அதிபர்களாகவும் அமர்ந்தனர். தமிழகத்திலிருந்து வந்தவர்கள் தண்டவாளத்தில் உழைத்தனர். அங்கேயே 1894இல் தொடங்கிய சிங்களர் சபை பௌத்த மகா விகாரையை எழுப்பியது. இலங்கைச் சைவர்களின் கந்தசுவாமி கோயில் 1902இலும் விவேகானந்த ஆசிரமம் 1904இலும் தொடங்கின. தமிழ் லுத்தரன்களின் சீயோன் தேவாலயம் 1924இல் எழுந்தது.

இந்த நெருக்கத்தை நல்லிணக்கத்துக்குச் சான்றாகக் காட்டுவது சுற்றுலாக் கையேட்டு வரலாறு. அன்று ஒவ்வொரு சபையும் தன் ஊராரையும் தன் சமயத்தாரையுமே பார்த்துக்கொண்டது. அக்கம்பக்கமாக இருந்தார்கள், கூடி எதையும் செய்துவிடவில்லை.

அந்த நிலையை உடைத்தது போர். 1942, 1943ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் சயாம் மரண ரயில் பாதைக்குத் தோட்டத் தமிழர்களைப் பல்லாயிரக்கணக்கில் கொண்டுபோனார்கள். போனவர்களில் பெருந்தொகையினர் திரும்பவில்லை. லயங்களில் விதவைகளும் பிள்ளைகளும் மிஞ்சினர். தன் சங்கம், தன் சாதி, தன் ஊர் என்ற பழைய ஏற்பாட்டுக்குள் அடங்காத துயரம் அது.

இந்தப் பின்னணியில்தான் சுவாமி சத்தியானந்தா 1950ஐ ஒட்டிப் பூச்சோங் சாலையில் சுத்த சமாஜத்தை நிறுவினார். போர் விட்டுச்சென்ற அநாதைகளை ஆதரிப்பது அதன் முதல் கவலைகளில் ஒன்று. இன, சமய வேறுபாடு பாராமல் பிள்ளைகள் சேர்க்கப்பட்டனர். எல்லாச் சமயங்களுக்கும் பொதுவான ஓர் ஆலயமும் வளாகத்திலேயே அமைந்தது. 1961இல் சுவாமி மறைந்தபின் பொறுப்பேற்றவர் சிங்கப்பூரில் 1926இல் பிறந்த அன்னை மங்களம். 2010இல் அவருக்கு மெர்டேக்கா விருது கிடைத்தது. 2023 மே மாதம் காலமானார். ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் ஒரே இல்லம், ஒரே வேலை. மலேசியச் சமூக வரலாற்று நூல்கள் அவருக்கு இன்னும் உரிய இடம் தரவில்லை.

அதே காலத்தில் 1951இல் தோன்றிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் பிரிக்பீல்ட்ஸில் நிலைகொண்டது. சமயச் சார்பில்லாத இந்த அமைப்பு அந்த வட்டாரத்தின் நடையையே மாற்றியது. இன்று அங்கே நடைபாதையில் பதித்த மேடுள்ள மஞ்சள் ஓடுகளைக் கைத்தடியால் தடவியபடி மலாய்க்காரரும் சீனரும் தமிழரும் செல்கிறார்கள். வழியில் மாலைக்கடையும் பலகாரக்கடையும், பார்வையற்றோர் நடத்தும் உடற்பிடி நிலையங்களும் இருக்கின்றன. 1954இல் பெட்டாலிங் ஜெயாவில் பிரான்சிஸ்கன் கன்னியர் தொடங்கிய அசுந்தா மருத்துவமனையையும் இந்த வரிசையில் வைக்க வேண்டும்.

தடைகளையும் சொல்லியாக வேண்டும். முஸ்லிம்களிடையே பிற சமயப் பரப்புரையைக் கட்டுப்படுத்த அரசியல் சாசனத்தின் 11(4) பிரிவு இடமளிக்கிறது. ஜகாத் நிதி முஸ்லிம்களுக்கு உரியது. ஆக, உதவியே சமயவாரியாகப் பிரிந்து ஓடுகிறது. பிற சமயத்தார் நீட்டும் கை சந்தேகத்துக்கும் ஆளாகிறது. 2011 ஆகஸ்ட் 3ஆம் தேதி பெட்டாலிங் ஜெயாவில் ஒரு மெத்தடிஸ்ட் தேவாலய வளாகத்தில் தொண்டு அமைப்பொன்று விருந்து நடத்தியது. முஸ்லிம்களை மதம் மாற்றும் முயற்சி நடக்கிறது என்ற சந்தேகத்தில் சிலாங்கூர் இஸ்லாமியச் சமயத் துறை அதிகாரிகள் அங்கே நுழைந்தனர். வழக்குத் தொடரச் சான்று போதாது என்று அக்டோபரில் சுல்தானின் அறிக்கை வந்தது. வழக்கு எதுவும் தொடரப்படவில்லை. ஆனாலும் யாருக்கு உணவு தருகிறோம் என்ற கேள்வி அதன்பின் தொண்டர்களை விட்டு நீங்கவில்லை.

2014 ஜூலையில் வேறொரு நெருக்கடி வந்தது. நகர மையத்தின் 2 கிலோமீட்டர் சுற்றளவில் தெருவோர உணவு வழங்கலுக்கு அனுமதியில்லை என்று கூட்டரசுப் பிரதேச அமைச்சர் அறிவித்தார். பௌத்தப் பின்னணி கொண்ட கெச்சாரா, முஸ்லிம் பெண்மணி ஒருவர் முன்னின்று நடத்திய பெர்த்திவி ஆகிய இரு உணவுக் குழுக்களுமே இதனால் பாதிக்கப்பட்டன. வீடற்றோர் பிரச்சினை அன்றுதான் சமய வேலியைத் தாண்டி நகரத்தின் பொதுப் பேச்சாயிற்று.

2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியபோது, பெட்டாலிங் ஜெயா குருத்வாராவின் சமையற்கூடம் நிவாரண அடுக்களையாக மாறியது. பல இனத்தாரும் அங்கே வந்து சமைத்தார்கள், பொட்டலம் கட்டினார்கள். குருத்வாரா உணவு மரக்கறி உணவு. பன்றியோ மாடோ என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை. முஸ்லிமும் இந்துவும் பௌத்தரும் ஒரே அண்டாவிலிருந்து எடுத்து உண்ணலாம். மன்றங்கள் ஆண்டுக்கணக்கில் பேசியும் தீராத ஒன்றை, அன்றைய தேவைக்கேனும், சாதமும் பருப்பும் தீர்த்துவைத்தன.

மன்றத்தின் கூட்டக் குறிப்புகள் கோப்பில் ஏறும். அரிசி யார் தந்தார், அடுப்படியில் யார் நின்றார் என்று எழுதிய நோட்டோ கறையானுக்குத்தான் போகும். உங்கள் கோயில், தேவாலயம், விகாரை, சூராவ் (சிறு தொழுகைக்கூடம்) எதிலாவது பழைய அன்னதானக் கணக்கோ ஆண்டு மலரோ இருந்தால் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். தேசிய ஆவணக் காப்பகத்திலோ மலாயாப் பல்கலைக்கழக நூலகத்திலோ சேர்த்துவிடுங்கள்.