வெடி வைக்கத் தெரியும், சான்றிதழ்தான் இல்லை

‘உலகத் தரத்துக்கு இணையான தகுதி’ என்ற சொல்லை இப்போது கல்லூரி வாசல்களில் அடிக்கடி கேட்கிறோம். தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பு, கிரெடிட் கட்டமைப்பு, வெளிநாட்டுப் பட்டத்துக்குச் சமநிலைச் சான்று என்று வரிசையாக வருகின்றன. ஒரு நாட்டின் படிப்பையும் தொழிற்பயிற்சியையும் படிநிலைகளாக அடுக்கி, இன்னொரு நாட்டின் படிநிலைகளோடு பொருத்திப் பார்ப்பதுதான் இதன் சாரம். இதனால் நம் மக்களுக்கு என்ன கிடைக்கும் என்று கேட்கும் தோழர்களுக்கு நாம் தென்னாப்பிரிக்காவின் கதையைச் சொல்ல விரும்புகிறோம். அங்கே இப்படியொரு கட்டமைப்பை முதலில் கேட்டவர்களில் கறுப்பினத் தொழிலாளர்கள் முன்வரிசையில் இருந்தார்கள்.

அவர்கள் ஏன் கேட்டார்கள்? சான்றிதழ் என்ற காகிதம்தான் அந்த நாட்டில் நிறவெறியின் மிகப் பழைய ஆயுதங்களில் ஒன்று. 1911இல் வந்த சுரங்கங்கள் மற்றும் பணிகள் சட்டத்தின் கீழ், தங்கச் சுரங்கத்தில் வெடி வைப்பது, எந்திரம் இயக்குவது போன்ற வேலைகளுக்குத் தகுதிச் சான்றிதழ் கட்டாயமானது. அதை வெள்ளையருக்கே ஒதுக்கினார்கள். 1923இல் நீதிமன்றம் அந்த ஒதுக்கீட்டு விதி செல்லாது என்றது. உடனே 1926இல் சட்டத்தையே திருத்தி, கறுப்பினத்தவருக்கும் ஆசியர்களுக்கும் இந்தச் சான்றிதழ் கிடையாது என்று உறுதிப்படுத்திக்கொண்டார்கள். ஆசியர் என்ற அந்தச் சொல்லுக்குள் நம் ஆட்களும் இருந்தார்கள். 1860இல் சென்னைத் துறைமுகத்திலிருந்து நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்டவர்களின் பிள்ளைகள் அவர்கள்.

நிலத்துக்கு அடியில் நடந்தது வேறு. பாறையில் துளை போட்டதும் மருந்தை நிரப்பியதும் பெரும்பாலும் கறுப்பினத் தொழிலாளியின் கை. பக்கத்தில் நின்று மேற்பார்த்த வெள்ளையரிடம் சான்றிதழ் இருந்தது, பல மடங்கு கூலியும் இருந்தது. வெடி வைப்பதற்கான சான்றிதழில் இந்த நிறத்தடை 1980களின் இறுதியில்தான் நீங்கியது. முக்கால் நூற்றாண்டாக, வேலை தெரிந்தவர் ஒருவர், தெரிந்தவர் என்று சட்டம் சொன்னவர் வேறொருவர்.

இன்னொரு சட்டத்தையும் மாணவத் தோழர்கள் கவனிக்க வேண்டும். 1922இன் தொழிற்பழகுநர் சட்டத்தில் நிறம் பற்றிப் பேச்சே இல்லை. பழகுநராகச் சேர ஆறாம் ஸ்டாண்டர்ட் தேறியிருக்க வேண்டும், அவ்வளவுதான். கறுப்பினக் குழந்தைகளுக்கு அந்த வகுப்புவரை பள்ளிகளே அரிது. ‘தகுதி’ என்ற சொல்லை வைத்து ஆளை வெளியே நிறுத்தும் இந்த வித்தையை நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

பிறகு 1953. அந்த ஆண்டு அங்கே பாண்டு கல்விச் சட்டம் வந்தது. அதைக் கொண்டுவந்த வெர்வூர்ட், வெள்ளையர் சமூகத்தில் சில வகைக் கூலி வேலைகளுக்கு மேல் கறுப்பினத்தவருக்கு இடமில்லை, அதற்கு மேல் கற்பித்துப் பயனில்லை என்று வெளிப்படையாகவே பேசினார். அதே 1953இல்தான் சென்னை மாகாணத்தில் ராஜாஜி, அரை நாள் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில் என்ற தொடக்கக் கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்தார். குலக்கல்வி என்று பெரியாரும் திராவிட இயக்கமும் அதை எதிர்த்தார்கள். 1954இல் ராஜாஜி பதவி விலக, அடுத்து வந்த காமராஜர் அதைக் கைவிட்டார். ஒருவரைப் பார்த்து இன்னொருவர் செய்தார் என்று நாம் சொல்லவில்லை. பிறப்பால் தொழில் என்று நம்புகிற ஆட்சியாளர் எந்தக் கண்டத்தில் இருந்தாலும் பள்ளிக்கூடத்தில்தான் முதலில் கை வைக்கிறார். நம்முடைய திட்டம் ஓராண்டில் போனது. அவர்களுடையது 1976இல் சொவேட்டோ மாணவர்கள் தெருவில் சுடப்பட்ட பிறகும் நீடித்தது.

1973 டர்பன் வேலைநிறுத்தங்களுக்குப் பிறகு கறுப்பினத் தொழிற்சங்கங்கள் வலுப்பெற்றன. 1979இல் சட்ட அங்கீகாரம் கிடைத்தது. 1987இல் பல சங்கங்கள் இணைந்து நும்சா என்ற உலோகத் தொழிலாளர் சங்கம் உருவானது. அந்தச் சங்கம் சம்பள உயர்வோடு நிற்காமல் பயிற்சி பற்றித் தனியே ஆராய்ந்தது. இருபது ஆண்டுகள் ஒரே எந்திரத்தில் நின்ற தொழிலாளியின் அறிவுக்கு ஏன் பெயர் இல்லை? பள்ளிக்குப் போகாததால் அவர் ‘திறனற்றவர்’ என்றால், அவர் இல்லாத நாளில் எந்திரம் ஏன் நிற்கிறது? இதிலிருந்துதான் முன்கற்றல் அங்கீகாரம் என்ற கோரிக்கை பிறந்தது. வேலையில் கற்றதைச் சோதித்துச் சான்று கொடு, அந்தச் சான்றை வைத்து மேற்கொண்டு படிக்க விடு, படிக்குத் தகுந்தபடி கூலியை ஏற்று என்றார்கள். உலோகத் துறையில் இருந்த பதின்மூன்று கூலிப் படிகளை ஐந்தாகக் குறைக்கவும் கேட்டார்கள். படிப்பும் கூலியும் ஒரே ஏணியில் இருக்க வேண்டும் என்பது அவர்களுடைய கணக்கு.

நிறவெறி ஆட்சி வீழ்ந்து, 1995இல் தென்னாப்பிரிக்கத் தகுதிகள் ஆணையச் சட்டம் வந்தது. எட்டுப் படிநிலைகள். துப்புரவுத் தொழிலாளி முதல் முனைவர் வரை ஒரே ஏணி என்ற கனவு. ஆனால் ஏணியின் வடிவம் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஸ்காட்லாந்து ஆகிய இடங்களிலிருந்து கடன் வாங்கப்பட்டது. ஒவ்வொரு திறனையும் சின்னச் சின்ன அலகுகளாக உடைத்து எழுத வேண்டும் என்றார்கள். குழுக்கள் அமர்ந்து எழுதின. பத்தாயிரத்துக்கு மேற்பட்ட அலகுகள் பதிவாகின. கற்பிக்கப் பள்ளியும் இல்லை, ஆசிரியரும் இல்லை என்பதால், ஒருவர்கூடத் தேறி வெளிவராத தகுதிகள் பல பட்டியலில் கிடந்தன. இதை உள்ளிருந்தே விமர்சித்தவர்களில் ஸ்டெஃபனி ஆலே என்ற ஆய்வாளர் முக்கியமானவர். பாண்டு கல்வி அழித்த பள்ளிகளைக் கட்ட வேண்டிய காலத்தில் நாடு காகிதம் கட்டியது என்றுதான் நாமும் படிக்கிறோம்.

2008இல் புதிய சட்டம். எட்டு பத்தானது. ஆனால் பொதுக்கல்வி, உயர்கல்வி, தொழில்கள் என்று மூன்று கிளைக் கட்டமைப்புகளாகவும், மூன்று தனித்தனி மன்றங்களாகவும் பிரிந்தது. சங்கங்கள் கேட்ட ஒற்றை ஏணியில் பழைய பிளவு மெல்லத் திரும்பி வந்தது. ஆப்பிரிக்கத் தென்பகுதி நாடுகளின் கூட்டமைப்புக்கும் பத்துப் படிநிலைகளில் ஒரு வட்டாரக் கட்டமைப்பு உண்டு. அதோடு தன் படிகளை முதலில் பொருத்திக் காட்டிய நாடுகளில் தென்னாப்பிரிக்காவும் ஒன்று. எல்லை தாண்டிப் போகும் செவிலியருக்கும் பொறியாளருக்கும் அதனால் நன்மை உண்டு, மறுக்கவில்லை. லெசோத்தோவிலிருந்தும் மொசாம்பிக்கிலிருந்தும் தலைமுறை தலைமுறையாக வந்து சுரங்கம் தோண்டியவர்களின் கையறிவு எந்தப் படி என்பதற்கு, பொருத்திப் பார்க்கும் அட்டவணை பதில் சொல்வதில்லை. கையில் காகிதம் இருப்பவருக்கே அட்டவணை பயன்படும்.

இந்தக் கண்ணோடு நம் பக்கம் வருவோம். இந்தியாவில் தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பு 2013 டிசம்பரில் அறிவிக்கப்பட்டது. பத்துப் படிநிலைகள், 2023இல் எட்டாகக் குறைந்தன. முன்கற்றல் அங்கீகாரம் இதிலும் உண்டு. ஆனால் எந்தத் திறன் எந்தப் படி என்று எழுதும் துறைத் திறன் கவுன்சில்கள் தொழில் நிறுவனங்களின் தலைமையில் இயங்குபவை. தென்னாப்பிரிக்காவில் தொழிலாளி கேட்டு வாங்கிய நாற்காலியில் இங்கே முதலாளி உட்கார்ந்திருக்கிறார்.

அதே 2013இல்தான் மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடைசெய்யும் சட்டமும் வந்தது. அதில் மறுவாழ்வுக்காக வேறு தொழிலில் பயிற்சியும், மாதம் 3000 ரூபாய்க்குக் குறையாத உதவித்தொகையும் சொல்லப்பட்டிருக்கின்றன. அதாவது, அந்த வேலையிலிருந்து வெளியேறுவதற்கான பயிற்சி. இந்த வேறுபாட்டை நாம் விடக்கூடாது. சுரங்கத் தொழிலாளிக்குத் தன் வேலையின் மேல்படி தேவைப்பட்டது. நம்மில் பலருக்குத் தேவை வேலையை விட்டே வெளியேறும் கதவு. செய்கிற வேலைக்கே சான்றிதழ் கொடுத்து அங்கேயே நிறுத்தினால் அது குலக்கல்வியின் புது அச்சு. 2023இல் பதினெட்டுப் பாரம்பரியத் தொழில்களுக்கென ஒன்றிய அரசு கொண்டுவந்த விஸ்வகர்மா திட்டத்தை 2024இல் தமிழ்நாடு அரசு அப்படியே ஏற்க மறுத்ததும் இந்த அச்சத்தால்தான்.

பட்டம் உலகெங்கும் செல்லுபடியாவது மட்டும் போதுமா என்று கேட்பவர்கள் அண்ணல் அம்பேத்கரின் 1917ஐ நினைத்துப் பார்க்கலாம். கொலம்பியாவில் முதுகலை முடித்தவர், லண்டனில் பொருளாதாரமும் சட்டமும் படித்துக்கொண்டிருந்தவர். இரு கண்டங்களின் பல்கலைக்கழகங்கள் அவருடைய படிப்பை ஏற்றுக்கொண்டன. பரோடாவில் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதியிலிருந்து தடியோடு வந்தவர்கள் அவரை வெளியேற்றினார்கள்.

ஆகவே உங்கள் கல்லூரியில் அடுத்த முறை இந்தக் கட்டமைப்பு பற்றிக் கருத்தரங்கு நடந்தால் படிநிலை எத்தனை என்று கேட்டு நேரத்தைக் கழிக்காதீர்கள். படிகளை எழுதும் குழுவில் துப்புரவுத் தொழிலாளர் சங்கத்துக்கு, தோல் தொழிலாளர் சங்கத்துக்கு, விவசாயக் கூலிச் சங்கத்துக்கு எத்தனை இடம் என்று கேளுங்கள். அந்தச் சான்றிதழோடு கூலி ஏறுமா, அதை வைத்து ஐடிஐயிலோ பாலிடெக்னிக்கிலோ சேர முடியுமா என்று எழுத்தில் பதில் வாங்குங்கள்.