காவலில் போன உயிருக்கு யார் பொறுப்பு? – ஒரு சட்ட வரலாறு

வியாபாரத்தில் ஒரு பழைய நியாயம் உண்டு. கடைக் குமாஸ்தா ஒருவருடைய சரக்கைக் கெடுத்தால் முதலாளிதான் பதில் சொல்ல வேண்டும். "அவன் செய்தான், எனக்குத் தெரியாது" என்று கையை விரிக்க முடியாது. இதே நியாயம் சர்க்காருக்கும் அதன் போலீஸுக்கும் உண்டா? நம் தேசத்தில் இதற்கு விடை கிடைக்க நூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. நான் வக்கீல் அல்ல, கடைக்காரன். ஆனாலும் பழைய தீர்ப்புகளைத் தேடிப் படிப்பதில் நெடுநாள் பழக்கம். படித்ததை நம் சங்கத்து அன்பர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

நம் சென்னை ராஜதானியிலிருந்தே ஆரம்பிக்கலாம். சித்திரவதை பற்றி விசாரிக்க அமைத்த கமிஷன் 1855-இல் தன் அறிக்கையைக் கொடுத்தது. வரிப் பாக்கி வைத்த குடியானவனையும், திருட்டுப் பழி சுமந்தவனையும் கிட்டி போட்டு நெரிப்பது நடந்ததுதான் என்று அது ஒப்புக்கொண்டது. பிறகு 1859-இல் சென்னைக்கும், 1861-இல் பொதுவாகவும் போலீஸ் சட்டங்கள் வந்தன. ஆனால் அடிபட்டவன் சர்க்காரிடம் நஷ்டஈடு கேட்கலாமா என்ற கேள்வி அப்படியே நின்றது.

அந்தக் கேள்வியை முதலில் கிளப்பியது மனிதன் அல்ல, ஒரு குதிரை! கல்கத்தா கிதர்பூரில் சர்க்கார் கப்பல்துறை ஆட்கள் பெரிய இரும்புத் துண்டு ஒன்றைக் கீழே போட்டார்கள். அந்த வழியாகப் போன பி. அண்டு ஓ. கப்பல் கம்பெனியின் வண்டிக் குதிரை மிரண்டு காயப்பட்டது. கம்பெனி வழக்குப் போட்டது. 1861-இல் கல்கத்தா சுப்ரீம் கோர்ட், சர்க்கார் பொறுப்புதான் என்றது. கப்பல்துறை நடத்துவது யாரும் செய்யக்கூடிய தொழில் என்பது அதன் காரணம். ஆனால் ஆள்பவன் மட்டுமே செய்யக்கூடிய காரியங்களுக்கு வழக்கு நிற்காது என்றும் சேர்த்துச் சொல்லிவிட்டது. அந்த ஒரு பேச்சுதான் பின்னாளில் பெரிய மதில் ஆயிற்று.

அந்த மதிலில் மோதியவர் ஒரு வியாபாரி. கஸ்தூரிலால் ரலியாராம் ஜெயின் என்பது அமிர்தசரஸ் நகை வியாபார நிறுவனம். பெயரைப் பார்த்துத்தான் நானும் அந்த வழக்கை எடுத்துப் படித்தேன். 1947 செப்டம்பரில் அதன் பங்குதாரர் ரலியாராம் விற்பனைக்காகத் தங்கமும் வெள்ளியும் எடுத்துக்கொண்டு மீரட் போனார். போலீஸ் சந்தேகப்பட்டுப் பிடித்து லாக்கப்பில் வைத்தது. மறுநாள் ஜாமீனில் வந்தார். வெள்ளி பின்னால் திரும்பி வந்தது. 103 தோலாவுக்கு மேலான தங்கம் வரவில்லை. பறிமுதல் பொருள்களுக்குப் பொறுப்பான ஏட்டு அதை எடுத்துக்கொண்டு பாகிஸ்தானுக்கு ஓடிவிட்டார். 1964-இல் சுப்ரீம் கோர்ட் போலீஸின் அஜாக்கிரதையை ஒப்புக்கொண்டது. ஆனால் கைது, சோதனை, பறிமுதல் எல்லாம் இறையாண்மை அதிகாரம் என்று சொல்லி வழக்கைத் தள்ளியது. கிழக்கிந்தியக் கம்பெனி மீது எந்த அளவுக்கு வழக்குப் போடலாமோ அந்த அளவுக்குத்தான் சர்க்கார் மீதும் என்ற பழைய கணக்கை, அரசியல் சட்டத்தின் 300-ஆவது பிரிவு நம் காலத்துக்கும் கொண்டுவந்திருந்தது. இதற்குப் புதுச் சட்டம் தேவை என்று கோர்ட்டே சொல்லியும், கொண்டுவந்த மசோதாக்கள் நிறைவேறவில்லை.

தங்கத்துக்கே இந்தக் கதி என்றால் உயிருக்கு?

வழி வேறு பக்கத்தில் திறந்தது. 1968-இல் விடுதலைத் தீர்ப்புப் பெற்ற பீகார்க்காரர் ஒருவர் 1982 வரை சிறையிலேயே கிடந்தார். ருதுல் ஷா வழக்கு என்பார்கள். 1983-இல் சுப்ரீம் கோர்ட் அவருக்குப் பணம் கொடுக்க உத்தரவிட்டது. அடுத்து வந்தது ஒரு தாயின் கடிதம். ஒரிஸ்ஸாவில் நீலாவதி பெஹராவின் 22 வயது மகனை 1987 டிசம்பர் 1-ஆம் தேதி போலீஸ் பிடித்துப் போனது. மறுநாள் ரயில் பாதையில் பிணம். தப்பி ஓடி ரயிலில் அடிபட்டான் என்றது போலீஸ். அந்தத் தாய் 1988-இல் சுப்ரீம் கோர்ட்டுக்குக் கடிதம் எழுதினார். கோர்ட் அதையே மனுவாக எடுத்துக்கொண்டு, மாவட்ட நீதிபதியை விசாரிக்கச் சொன்னது. காவலில் பட்ட அடியால்தான் சாவு என்று தெரிந்தது. 1993-இல் ஒன்றரை லட்சம் ரூபாய் கொடுக்கத் தீர்ப்பு.

சிவில் வழக்கில் தோற்ற நியாயம் ஒரு கடிதத்தில் எப்படி ஜெயித்தது? ரலியாராம் கேட்டது தொலைந்த சொத்தின் விலை. அந்தத் தாய் விஷயத்தில் மீறப்பட்டது அரசியல் சட்டம் தந்த உயிர் உரிமை. அந்த உரிமையைக் காப்பது அரசின் சொந்தக் கடமை. அங்கே இறையாண்மை என்ற சாக்கு எடுபடாது என்றது கோர்ட். 1996-இல் டி.கே. பாசு வழக்கு அதை உறுதிசெய்தது. கைதுக் குறிப்பு, உறவினருக்குத் தகவல், 48 மணிக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை என்று விதிகளும் தந்தது. 2000-ஆம் ஆண்டில், கஸ்தூரிலால் தீர்ப்பு தன் வலுவை இழந்துவிட்டது என்று சுப்ரீம் கோர்ட்டே சொன்னது.

ஆனாலும் என் வியாபாரி மனசுக்குக் கணக்கு முழுசாக நேராகவில்லை. முதலாளி பணம் கட்டினால் பிறகு குமாஸ்தாவிடம் வசூலிப்பான், வேலையை விட்டும் நீக்குவான். சர்க்கார் கட்டும் ஈடோ நம் வரிப்பணம். தவறு செய்தவரிடம் வசூலிக்கவும், அவர்மீது கிரிமினல் நடவடிக்கை எடுக்கவும் சட்டத்தில் தடையில்லை. அந்தக் கை நீளாதவரை, இறந்தவனின் தாய்க்குக் கொடுக்கும் ஈட்டில் அவள் கட்டிய வரியும் ஒரு பங்கு. சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1997-இல் கையெழுத்திட்டது. அதற்கான மசோதா 2010-இல் மக்களவையில் நிறைவேறியும் சட்டமாகாமல் போயிற்று. ஈடு என்பது கணக்கில் வரவுப் பத்தி மட்டுமே. தண்டனை என்ற பற்றும் எழுதினால்தான் பேரேடு முடியும்.