கசடு ஏற்றும் எக்கிகள்: இரங்கூன் முதல் ஜொகூர் வரை

ஜொகூர் பாரு நகரில், இராசமாரியம்மன் கோயிலுக்கு அருகே, செகெட் என்னும் சிற்றாறு ஓடிச் சலசந்தியிற் கலக்கிறது. 1911ஆம் ஆண்டில் தோன்றிய அக்கோயிலுக்கு வந்துபோன தமிழர் பல தலைமுறையாக அவ்வாற்றின் நாற்றத்தை அறிவர். கடைவீதிக் கழிவும் வீட்டுக் கழிவும் அதிற் சேர்ந்தன. ஒரு காலத்தில் ஆற்றையே மேலே மூடினர். நாற்றம் மூடியால் தீருவதன்று. பின்னர் மூடியை அகற்றி ஆற்றைத் தூய்மை செய்யும் திட்டம் வந்தது.

கடலோரத் தாழ்நிலத்தில் அமைந்த நகரங்கள் எல்லாவற்றிற்கும் உள்ள இடர்ப்பாடு இது. கடல் ஏறும்போது கழிநீர் தானாக வடியாது. ஓரிடத்தில் அதனைத் தூக்கி ஏற்றியே ஆகவேண்டும். அத்தூக்குவேலை முதலில் மனிதர் தோளால் நடந்தது. மலாயா நகரங்களில் வாளிக் கக்கூசுகள் நெடுங்காலம் இருந்தன. பக்கத்துச் சிங்கப்பூரில் அவ்வழக்கம் 1987இல்தான் அடியோடு ஒழிந்தது. நகரசபைகளின் தெருக்களையும் சாக்கடைகளையும் துப்புரவு செய்தோரில் தமிழர் மிகப் பலர். ஆகலின், கழிநீர் ஏற்றும் பொறியின் கதை தமிழருக்கு அயலார் கதையன்று.

நீர் இறைத்தலில் நம்மவர் பழையவர். ஏற்றம், கவலை, இறைகூடை என்று கருவிதோறும் பெயர் வைத்தவர். ஆனால் அவை தூயநீருக்கு ஏற்றவை. கழிநீரில் கந்தலும் மயிரும் மணலும் கொழுப்பும் கலந்து வரும். தூயநீர் பம்பை அதில் இறக்கினால் அது சில நாளில் அடைத்துக்கொள்ளும்.

1858ஆம் ஆண்டுக் கோடையில் தேம்ஸ் ஆற்றின் நாற்றம் இலண்டன் பாராளுமன்றத்தையே கலக்கியது. அதன் பின் பாசல்செட் என்னும் பொறியாளர் பெருஞ்சாக்கடைகளை அமைத்தார். 1865இல் திறக்கப்பட்ட கிராஸ்னஸ் நிலையத்தில் மாபெரும் நீராவிப் பொறிகள் கழிநீரை ஏற்றின. பெருநகரின் செல்வத்திற்கு அது தகும். சிறு நகருக்குத் தகாது.

அக்குறையை நீக்கியவர் ஐசக் ஷோன் என்பார். அவர் 1878இல் காப்புரிமை பெற்ற கருவியில், கழிநீரிற் சுழலும் உறுப்பு ஒன்றும் இல்லை. தெருவின் கீழே ஓர் இரும்புக் கலம் இருக்கும். கழிநீர் தானாக அதனுள் இறங்கி நிறையும். நிறைந்ததும் உள்ளே மிதக்கும் மணி போன்ற உறுப்பு எழுந்து காற்றுக் குழாயைத் திறக்கும். தொலைவிலுள்ள நிலையத்திலிருந்து வரும் அழுத்தக் காற்று உட்புகுந்து, கலத்தில் உள்ளதை எல்லாம் மேற்குழாயில் தள்ளிவிடும். திரும்பி வாராதபடி வால்வு தடுக்கும். நீரை வீசியெறியும் கருவிக்கு எக்கி என்பது பழந்தமிழ்ப் பெயர். இன்று பம்பு எல்லாவற்றிற்கும் அப்பெயரை வழங்குகிறோம். உண்மையில் அது மிகப் பொருந்துவது ஷோன் கலத்திற்கே.

பாராளுமன்றக் கட்டடத்தில் 1880களில் ஷோன் கலங்கள் வைக்கப்பட்டன. அதே காலத்தில் இரங்கூனிலும் வைக்கப்பட்டன. இரங்கூன் தரை ஆற்று மட்டத்திற்குச் சற்றே உயர்ந்தது. சாக்கடைக்குச் சாய்வு கொடுக்க இடமில்லை. 1888 அளவில் அமைந்த அத்திட்டம் ஏறத்தாழ 40,000 பேருக்கென வகுக்கப்பட்டது. ஒரே நிலையம் காற்றை அழுத்தி அனுப்ப, ஏறக்குறைய 40 கலங்கள் தெருக்களின் அடியில் மாறிமாறி நிறைந்து எக்கின. தமிழரும் தெலுங்கரும் வங்காளியரும் திரண்டு, 1931இல் நகர மக்களுட் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியராக இருந்தனர். கலங்களின் எண்ணிக்கையோ மக்களோடு வளரவில்லை. எனினும் அவை 21ஆம் நூற்றாண்டிலும் இயங்கின. அவை ஏற்றிய கழிநீரைச் சுத்திகரிக்கும் நிலையம் 2005இல்தான் அங்கே வந்தது. அதுவரை அது ஆற்றிற்கே சென்றது. ஏற்றுவது வேறு, தூய்மை செய்வது வேறு என்பதை மறந்த நகரங்கள் பல.

ஷோன் கலம் அடைபடுவது அரிது. ஆனால் ஆற்றலை வீணாக்குவது. காற்றை அழுத்தச் செலவிட்டதில் சிறு பகுதியே நீரை ஏற்றப் பயன்படும். மின்சாரம் மலிவானபோது சுழல் எக்கி மேலோங்கியது. அதன் சக்கரத்தில் இதழ்கள் பல இருந்தால் திறன் கூடும். ஆனால் இதழ்களின் இடைவெளி குறுகும். கடல்மட்டத்திற்குத் தாழ்ந்த நியூ ஆர்லியன்சு நகரில் ஆல்பர்ட் பால்ட்வின் வுட் என்பவர், குப்பை கலந்த நீரையும் ஏற்றவல்ல எக்கியை 1915இல் அமைத்தார். நாளடைவில், 3 அங்குல உருண்டை தடையின்றிக் கடக்கவேண்டும் என்பது அமெரிக்கப் பொறியியல் விதியாயிற்று. விதி நன்று. ஆயினும் கந்தல் உருண்டையன்று! உருண்டை கடக்கும் வழியிலேயே துணி இதழின் விளிம்பிற் சிக்கும், அதன்மேல் மயிர் சுற்றும், கயிறாகத் திரியும். உருண்டையை மட்டும் அளந்து எக்கி வாங்கியவர் பலர் ஏமாந்தனர்.

அதற்கு மாற்று எதிர்பாராத இடத்திற் பிறந்தது. பெரு நாட்டில் மார்ட்டின் ஸ்டேலே என்பவர், படகிலிருந்து மீன்களைச் சிதையாமல் இறக்கவேண்டி, 1960இல் திருகு வடிவச் சக்கரம் உடைய எக்கியைச் செய்தார். மீனைச் சிதைக்காத எக்கி கந்தலையும் சிக்கவிடாது என்று பின்னர் கண்டனர். சுவிட்சர்லாந்தில் எழுந்த சுழி எக்கி வேறு வகை. அதில் சக்கரம் ஓரமாக ஒதுங்கி நிற்கும். நீர்ச்சுழியே கசட்டைத் தள்ளும். அடைப்பு குறைவு, மின்செலவு மிகுதி. சுவீடனின் பிளைக்ட் நிறுவனம் நீரிலேயே மூழ்கி நிற்கும் கழிநீர் எக்கியை 1956இல் செய்தது. துணியைத் தானே வழித்துத் தள்ளும் சக்கரத்தை 1997இல் கொண்டுவந்தது.

இவற்றுள் எது தகும் என்பது ஊரைப் பொறுத்தது. நீர் குறைவாகவும் கந்தல் மிகுதியாகவும் வரும் சிறு நிலையத்திற்குச் சுழி எக்கியின் மின்செலவு பொருட்டன்று. இரவுபகல் ஓடும் பெருநிலையத்திற்கு அச்செலவு தாங்காது. ஒரு தவறு எங்கும் காணப்படுவது: நாளைய மக்கட்பெருக்கை எண்ணி இன்றே பேரளவு எக்கியை வைத்தல். அது சிறிது நேரம் ஓடி நெடுநேரம் நிற்கும். பெருங்குழாயில் நீர் மெல்ல ஊர்ந்து மணலைப் படியவிடும். நின்ற கிணற்றிற் கொழுப்பு ஆடைகட்டும். மலேசியாவில் வீட்டுமனைத் திட்டந்தோறும் சிறு நிலையங்கள் எழுந்தன. 1993ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின், 1994 முதல் இண்டா வாட்டர் நிறுவனம் பல நகரசபைகளிடமிருந்து அவ்வகை நிலையங்களை ஏற்றுக்கொண்டது. வீடுகள் நிறையுமுன்னே எக்கிகள் நிறைவது அத்தகைய திட்டங்களுக்கு இயல்பு.

எக்கி அடைத்தால் யார் இறங்குவது? கழிநீர்க் கிணற்றில் ஹைட்ரஜன் சல்பைடு வாயு தேங்கும். முதலில் அழுகிய முட்டைபோல் நாறும். மிகுந்தால் மூக்கின் உணர்வையே கெடுத்து நாற்றமில்லாததுபோல் மயக்கும். அடுத்த மூச்சில் ஆளை வீழ்த்தும். காப்பாற்ற இறங்கியவரும் மாண்டதுண்டு. இந்தியாவில் 2013ஆம் ஆண்டுச் சட்டம் தக்க காப்பின்றி ஆளை இறக்குவதைத் தடுத்தது. 1993 முதல் சாக்கடையில் மாண்டவர் ஒவ்வொருவர் குடும்பத்திற்கும் 10 இலட்சம் ரூபாய் தருமாறு 2014இல் உச்சநீதிமன்றம் பணித்தது. அதன் பின்னும் தமிழ்நாட்டில் சாவுகள் நிற்கவில்லை.

மூழ்கு எக்கியின் பெருமை திறனில் இல்லை. அதன் தலையிலுள்ள சங்கிலியில் இருக்கிறது. கிணற்றின் சுவரில் இரண்டு வழிகாட்டுக் கம்பிகள் நிற்கும். அடைத்தால், மேலிருந்தே சங்கிலியை இழுக்க, எக்கி குழாயிலிருந்து தானாகக் கழன்று கம்பிவழியே ஏறிவரும். கந்தலை வெட்டி எடுத்து மீண்டும் இறக்கினால், தன் எடையாலேயே குழாய் வாயிற் பொருந்தி அமரும். ஆள் இறங்கவேண்டியதில்லை.