கையால் பேசின வயல்

காது பரிசோதித்த டொக்டர் தாளை என் பக்கம் திருப்பினார். கோடு நேராக வந்து, 4000 ஹேர்ட்ஸ் என்று போட்டிருந்த இடத்தில் கிணற்றுக்குள் விழுந்தமாதிரி இறங்கி, பிறகு கொஞ்சம் மேலேறியிருந்தது.

"ஐயா என்ன தொழில் செய்தீங்க?"

"பள்ளிக்கூடத்தில படிப்பிச்சன்."

"இது வாத்தியாருடைய காது இல்லையே."

உண்மையைச் சொன்னேன். திங்கள் முதல் வெள்ளி வரைதான் வாத்தியார். சனி, ஞாயிறும் தவணை லீவும் லேண்ட்மாஸ்டர்காரன். அப்படிப் பத்தொன்பது வருசம்.

எங்கள் மட்டக்களப்புப் படுவான்கரையில் இரண்டு சில்லு உழவு மிசின் எது வந்தாலும் அது லேண்ட்மாஸ்டர்தான். ஜப்பான் குபோட்டாவும் லேண்ட்மாஸ்டர், சீனத்து மிசினும் லேண்ட்மாஸ்டர். பெயர் இங்கிலாந்தில் நொட்டிங்ஹாம் பக்கத்துக் கம்பனி ஒன்றுடையது. ஆனால் அந்த மிசினுக்குப் பின்னால் இருந்த மூளை நம் நாட்டு ரே விஜேவர்தனவினுடையது. கேம்பிரிட்ஜில் பொறியியல் படித்தவர். 1950களில் அவர் வடிவமைத்ததைத்தான் கம்பனி செய்து பல நாடுகளுக்கு விற்றது. 1968 மெக்சிக்கோ ஒலிம்பிக்கில் இலங்கைக்காகப் பாய்மரப் படகு ஓட்டியவரும் இவரே. சத்தமே போடாமல் காற்றில் போகும் படகை விரும்பின மனிதர் எங்கள் காதுக்கு இப்படியொரு சாமானைத் தந்தாரே என்று நினைத்தால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். பிற்காலத்தில் அவரே தன் வேலையைக் குறை சொன்னார்: நாங்கள் எருமையைத்தான் இயந்திரமாக்கினோம், வேளாண்மையை அல்ல என்ற கருத்தில்.

1967 பெரும்போகத்துக்கு மாமா வாங்கின மிசின் மண்முனைப் பாதையில் வந்தது. பாதை என்றால் எங்களுக்கு ரோட்டு அல்ல. ஆட்களையும் வண்டி மாட்டையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கிற மிதவை அது. 2014இல் பாலம் திறக்கும்வரை எங்களுக்கு அதுதான் வழி. பெற்றோலில் கிளப்பி, சூடு பிடித்ததும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிற இஞ்சின். மாமா கயிற்றைச் சுற்றி இழுத்தார். நாலாம் இழுப்பில் அது வெடித்துக் கிளம்ப, நான் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு மூத்தப்பாவின் பின்னால் ஒளிந்தேன். மூத்தப்பா அசையவில்லை. அன்று இரவு அம்மாவிடம் சொன்னாராம்: "வாயில்லாச் சீவன் எண்டு மாட்டைச் சொல்லுவம். இதுக்கு வாய் மட்டும்தான் மனே இரிக்கி."

அவர் எருமையோடு கதைத்தே உழுதவர். நிற்க, நடக்க, கிறுகித் திரும்ப ஒவ்வொன்றுக்கும் ஒரு சத்தம். வரம்பில் இருப்பவரோடும் பக்கத்து வட்டைக்காரரோடும் கதை நடந்துகொண்டே இருக்கும். சேறு மிதிக்க ஏழெட்டு எருமையை இறக்கினால் அந்தச் சளப்புச் சத்தத்துக்கு மேலேயும் ஆள் குரல் கேட்கும். ஒரு வயலில் நடந்த சண்டை மூன்று வயலுக்குத் தெரியும்.

களவெட்டியில் இந்தப் பேச்சு இன்னும் நுட்பமானது. சூடு மிதிக்கிற இடத்தில் வாயில் வந்ததைச் சொல்ல முடியாது. பூதம் காது கொடுத்துக்கொண்டிருக்கும், பொலியைக் கொண்டுபோய்விடும் என்று பயம். அதனால் மாட்டுக்கும் கடகத்துக்கும் சாக்குக்கும் அங்கே வேறு பெயர். வைக்கோலைக் கிளறுகிற கம்புக்குப் பெயர் 'வேலைக்காரன்'. சிறுவயதில் நான் ஒருமுறை சாதாரணச் சொல்லைச் சொல்லிக் குட்டு வாங்கியிருக்கிறேன். பிறகு சூட்டின் மேல் பெரிய மிசினை ஏற்றி மிதித்தார்கள். பொலிப்பாட்டு அதோடு போயிற்று என்று எல்லாரும் எழுதுகிறார்கள். அந்த மறைச்சொற்கள் போன கதையை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. அவற்றை யாரும் விலக்கவில்லை. மிசின் இரைகிற இடத்தில் நீ எந்தச் சொல்லைச் சொன்னாலும் பூதத்துக்கும் கேட்காது, பக்கத்தில் நிற்கிற தம்பிக்கும் கேட்காது. பிறகு எதற்கு இரண்டு பெயர்?

வாய் ஓய்ந்த இடத்தில் கை பேசத் தொடங்கியது. முட்டியை உயர்த்தினால் நிற்பாட்டு. விரலை வட்டமாகச் சுழற்றினால் கிறுக்கு. தலைக்கு மேல் இரண்டு கையையும் ஆட்டினால் தண்ணி கூடிவிட்டது, வாய்க்காலைக் கட்டு. கட்டைவிரலை வாய்க்குக் கொண்டுபோனால் தேத்தண்ணி வந்துவிட்டது. இதை ஒருவரும் உட்கார்ந்து படிப்பிக்கவில்லை. ஐந்தாறு போகத்தில் வட்டை முழுக்க ஒரே கைப்பாஷை வந்திருந்தது.

நான் ஓட்டின காலத்தில் டீசல் மிசின் வந்துவிட்டது. ஒற்றைச் சிலிண்டர், 12 குதிரைவலு. நிமிடத்துக்கு 2000 சுற்று என்றால் 1000 வெடி, செக்கனுக்குப் பதினாறோ பதினேழோ. அதைக் கையெட்டும் தூரத்தில் முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டு சேற்றில் நடக்க வேண்டும். எட்டு மணித்தியாலம் தாங்கக்கூடிய எல்லை 85 டெசிபல் என்கிறார்கள். அதற்கு மேல் ஒவ்வொரு மூன்று டெசிபலுக்கும் நேரம் பாதியாகும்: 88க்கு நாலு மணித்தியாலம், 91க்கு இரண்டு, 94க்கு ஒன்று. இந்தியாவில் இந்த வகை மிசின்களை ஓட்டுகிறவரின் காதருகே அளந்தபோது 90ஐத் தாண்டியிருக்கிறது. உன்னிச்சைக் குளத்தில் தண்ணி திறந்தால் எல்லா வயலும் ஒரே கிழமையில் உழவு கேட்கும். நாங்கள் பத்து, பன்னிரண்டு மணித்தியாலம் ஓடினோம். இரவில் லைட் கட்டியும் ஓடினோம்.

அதுவும் போதாதென்று சைலன்சரைக் கழற்றி வைத்தோம். கழற்றினால் இழுவை கூடும் என்று ஒரு நம்பிக்கை. உள்ளதைச் சொன்னால், இழுவைக்காக இல்லை. யாருடைய மிசின் எந்த வட்டையில் நிற்கிறது என்று ஊருக்குத் தெரிய வேண்டும், அதுதான். பொழுதுபட்ட பிறகு குளிர்ந்த தண்ணீருக்கு மேலால் சத்தம் வெகுதூரம் போகும். வாவிக்கு அங்கால், எழுவான்கரையில் இருந்த மச்சினன் மறுநாள் கேட்பான்: "ராத்திரி ஒங்கட மிசின்தானே?" அந்த ஒரு கேள்விக்காக நான் என் காதைக் கொடுத்தேன் என்று சொன்னால் மிகையில்லை. பிரதேச சபைப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல் என்று 1996இல் சட்டம் வந்தது. மீற்றரோடு வயலுக்கு வந்த எவரையும் நான் காணவில்லை.

மெக்கானிக் ஒருவர் காத்தான்குடியிலிருந்து வருவார். ஓடுகிற இஞ்சினில் ஸ்குறூட்றைவரின் நுனியை ஊன்றி, பிடியைக் காதோடு சேர்த்து வைத்துக் கண்ணை மூடுவார். எந்த பெயரிங் போயிற்று என்று சொல்லிவிடுவார். மட்டக்களப்பான் ஒருவன் சத்தத்தைப் பற்றி எழுதி எங்கள் வாவியின் பாடுமீனை விட்டால் ஊரார் விடமாட்டார்கள், ஆகவே சொல்கிறேன்: கல்லடியில் நிலவு நாளில் துடுப்பைத் தண்ணிக்குள் விட்டு மறு நுனியைக் காதில் வைத்துக் கேட்கிறதும் இதே வித்தைதான். பிரிட்டிஷ் அதிகாரியாக இருந்த எமர்சன் டெனன்ட் 1859இல் வந்த தன் இலங்கை நூலில் எழுதினதும் அந்தச் சத்தத்தைப் பற்றித்தான். டொக்டரும் என் காதுக்குப் பின்னால் எலும்பில் ஒரு சின்னக் கட்டையை அழுத்தித்தான் கடைசியில் பார்த்தார். எலும்பு வழியாகவும் அந்த உச்சச் சுருதி கேட்கவில்லை. அப்படியென்றால் பழுது உள்ளுக்குள்ளே, திருத்த இயலாது என்றார்.

யுத்த காலத்தில் இந்த இரைச்சல் வேறு விதமாகப் பயங்காட்டியது. மிசின் பிடித்தவனுக்கு ஹெலி வருகிறது கேட்காது. வயலில் எல்லாரும் படுத்தபிறகும் அவன் தனியே உழுதுகொண்டு நிற்பான். அதனால் வரம்பில் ஒரு பொடியனைச் சிவப்புச் சாரனோடு இருத்துவோம். அவனுக்கு வேலை வானத்தைப் பார்க்கிறது மட்டும். டீசல் தட்டுப்பாடு வந்து மிசின்கள் சும்மா கிடந்த போகங்களில் எருமை மறுபடி இறங்கியது. வயதானவர்களுக்கு மட்டும் அந்தச் சத்தங்கள் ஞாபகம் இருந்தன.

மகன் இப்போது ஆரையம்பதியில் இருக்கிறான். வீட்டுக்குப் பின்னால் மணல் தோட்டத்தில் வெங்காயம் போடச் சின்னப் பெற்றோல் மிசின் ஒன்று வாங்கினான். "இதில பெரிய சத்தமில்லப்பா" என்றான். எனக்கும் அப்படித்தான் பட்டது. திரும்பிப் பார்த்தேன். பேத்தி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கிணற்றுக்கட்டின் பின்னால் நின்றாள்.

முட்டியை உயர்த்திக் காட்டினேன். மகன் சிரித்துக் கையசைத்துவிட்டு அடுத்த சாலுக்குக் கிறுக்கினான்.