பெரிய பொருளாதாரம்தான், ஆனா மனித மேம்பாட்டில் 130-வது இடம்! இந்தியா சறுக்குவது எங்கே?

உலகின் மிகப் பெரிய பொருளாதாரங்களில் ஒன்று இந்தியா. ஆனால் 2025 மே மாதம் ஐ.நா. வளர்ச்சித் திட்டம் வெளியிட்ட மனித மேம்பாட்டுப் பட்டியலில், 193 நாடுகளில் இந்தியாவுக்கு 130-வது இடம். பக்கத்து நாடான இலங்கைக்கு 89-வது இடம். ஏன் இந்த வித்தியாசம்?

மனித மேம்பாட்டுக் குறியீடு என்றால் என்ன?

ஒரு நாட்டில் எவ்வளவு பணம் புழங்குது என்பதை ஜிடிபி சொல்லிடும். அந்த நாட்டு மக்கள் எப்படி வாழுறாங்க என்பதைச் சொல்லாது. இந்தக் குறையைச் சரிசெய்ய, பாகிஸ்தான் பொருளாதார நிபுணர் மஹ்பூப் உல் ஹக் முன்னெடுத்து 1990-ல் வந்ததுதான் இந்தக் குறியீடு. இதில் அமர்த்தியா சென்னும் பங்களித்தார். வாழ்க்கையை ஒரே எண்ணில் அடக்கிவிட முடியுமா என்று சென் முதலில் தயங்கினார். ஜிடிபிக்குப் போட்டியாக நிற்க எளிமையான ஓர் எண் வேணும் என்பது ஹக்கின் வாதம்.

எப்படிக் கணக்கிடுறாங்க?

மூன்று விஷயங்களைப் பார்ப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 1 வரை மதிப்பெண். 2023-ம் ஆண்டுத் தரவுப்படி இந்தியாவின் நிலை இது:

* ஆயுள்: சராசரி 72 ஆண்டுகள். மதிப்பெண் 0.80.
* வருமானம்: விலைவாசி வித்தியாசத்தைச் சரிசெய்த பிறகு, தலைக்கு ஆண்டுக்குச் சுமார் 9,047 டாலர். மதிப்பெண் 0.68.
* கல்வி: இன்று பள்ளியில் சேரும் குழந்தை 13 ஆண்டுகள் படிக்கும் என எதிர்பார்ப்பு. ஆனால் 25 வயதைத் தாண்டியவர்கள் சராசரியாகப் படித்தது 6.9 ஆண்டுகள்தான். மதிப்பெண் 0.59.

மூன்றையும் பெருக்கி, கனமூலம் எடுத்தால் கிடைப்பது 0.685. கூட்டி மூன்றால் வகுக்காமல் பெருக்குவதற்குக் காரணம் இருக்கு. ஒன்றில் பலவீனமாக இருந்தால், இன்னொன்றை வைத்து அதை முழுசா ஈடுகட்ட முடியாது.

0.700 எடுத்தால்தான் 'உயர்' பிரிவு. இந்தியா இன்னும் 'நடுத்தர' பிரிவில்தான் இருக்கு. இழுத்துப் பிடிப்பது கல்வி.

இலங்கை முந்தியது எப்படி?

இலங்கையில் 1940-களிலேயே இலவசக் கல்வி வந்துவிட்டது. பொது மருத்துவமும் இலவசம். 2022-ல் கடும் பொருளாதார நெருக்கடியில் சிக்கியும், 0.776 மதிப்பெண்ணோடு 'உயர்' பிரிவில் நீடிக்கிறது.

சராசரி மறைப்பது என்ன?

0.685 என்பது நாட்டின் சராசரி. பணக்காரர், ஏழை, நகரம், கிராமம் எல்லாம் அதில் கலந்துவிடும். இதற்காகவே 2010 முதல் ஏற்றத்தாழ்வைக் கழித்துப் பார்க்கும் தனிக் குறியீடும் வெளியாகிறது. அதில் இந்தியா 30.7% மதிப்பெண்ணை இழந்து 0.475-க்கு இறங்கிவிடுகிறது.

நாடுகளுக்கு இடையிலும் பள்ளம் பெரிது. முதலிடத்தில் உள்ள ஐஸ்லாந்து 0.972, கடைசி இடத்தில் உள்ள தெற்கு சூடான் 0.388. அங்கு பிறக்கும் குழந்தையின் ஆயுள், ஐஸ்லாந்துக் குழந்தையைவிட சுமார் 25 ஆண்டுகள் குறைவு. மேல்தட்டு நாடுகளுக்கும் அடித்தட்டு நாடுகளுக்கும் இடையிலான இடைவெளி தொடர்ந்து நான்காவது ஆண்டாக அதிகரித்திருப்பதாகவும் அறிக்கை சொல்கிறது.

குறியீட்டில் வராதவை

காற்று மாசு, பாதுகாப்பு, கருத்துச் சுதந்திரம் எதுவும் இதில் இல்லை. எத்தனை வருஷம் படிச்சாங்க என்று பார்ப்பார்கள், என்ன கத்துக்கிட்டாங்க என்று பார்ப்பதில்லை.

இந்தியாவின் இடம் மாற எவ்வளவு காலம் ஆகும்?

6.9 என்ற எண் சட்டென உயராது. பள்ளியைத் தவறவிட்ட பெரியவர்களில் பெரும்பாலோர் மீண்டும் வகுப்புக்குப் போகப் போவதில்லை. இன்றைய மாணவர்கள் 25 வயதைத் தாண்டும்போதுதான் அது நகரும். அதனால் இன்று எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தும் ஒரு சிறுமியின் இழப்பு, பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துதான் இந்தக் கணக்கில் தெரியவரும்.